ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் இன்ஜினில் கலகலவென்ற சத்தம்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: அடிவாரத்தான்

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் வசிக்கிறேன். 2016-ஆம் ஆண்டு தயாரிப்பான பெட்ரோல் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு பழைய வண்டியாக வாங்கினேன். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின், மேனுவல் கியர், ஓடோமீட்டர் இப்போது 78,000 கி.மீ.யைக் காட்டுகிறது. சமவெளியில் ஓட்டும்போது குறை எதுவும் தெரிவதில்லை. வேலை நிமித்தமாக அடிக்கடி ஏற்காடு செல்ல வேண்டியிருப்பதால், அந்த மலைப்பாதையில்தான் சிக்கல் வெளிப்படுகிறது.

வளைவு முடிந்து மூன்றாம் கியரில் ஏறும்போது ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்தால், தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கியதைப் போன்ற ஒரு சத்தம் முன்பக்கத்திலிருந்து வருகிறது. காலைச் சற்றுத் தளர்த்தினால் உடனே நின்றுவிடுகிறது. வெயில் நேரத்தில் அதிகமாகவும், மழை பெய்த மாலைகளில் குறைவாகவும் இருக்கிறது. இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை: முதல் சில கொண்டை ஊசி வளைவுகளில் நன்றாகக் கேட்கும் சத்தம், மேலே போகப் போக மெலிந்து, ஊருக்குள் நுழையும்போது ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. இன்ஜின் எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் காட்டியபோது முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள். மாற்றம் எதுவும் இல்லை. இப்போது ‘டப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம், இன்ஜினைப் பிரிக்க வேண்டும்’ என்கிறார்கள். அவ்வளவு பெரிய வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன், நானே சோதித்துப் பார்க்கக்கூடியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். இந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாமா என்பதையும் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில்: பீளமேடு பட்டறை

வணக்கம் ஐயா. இன்ஜினைப் பிரிக்க இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே, இது டப்பெட் சத்தம் அல்ல என்பதற்கான காரணம் இருக்கிறது. டப்பெட் இடைவெளி கூடியிருந்தால் வரும் ‘டிக் டிக்’ ஓசை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின்பற்றும். அதாவது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில் அடிக்கும். இன்ஜின் மீது சுமை ஏறினாலும் இறங்கினாலும் அந்த ஓசை பெரிதாக மாறாது. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதுகூடக் கேட்கும். உங்கள் சத்தமோ காலைத் தளர்த்திய நொடியில் நின்றுவிடுகிறது. சுமையோடு வந்து சுமையோடு போகும் சத்தத்தை டப்பெட்டில் தேடுவது வீண் செலவு.

பட்டறைக்கு வரும் எவரிடமும் நான் முதலில் கேட்பது, சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்பதைத்தான். நியூட்ரலில் வைத்து இன்ஜினை முடுக்கினாலே வருகிறது என்றால் அது இன்ஜின் சுழற்சியோடு சேர்ந்தது. பெல்ட், புல்லி, ஆல்டர்னேட்டர், தளர்ந்த தகடு ஆகியவற்றைப் பார்க்கலாம். கிளட்சை மிதித்து வண்டியை உருளவிட்டாலும் தொடர்கிறது என்றால் அது சக்கரத்தோடு சேர்ந்தது. வீல் பேரிங், டயர், ஆக்சில் பக்கம் போக வேண்டும். இவ்விரண்டிலும் வராமல், கியரில் இருந்து இழுக்கும்போது மட்டும் வருகிறது என்றால் அது சுமையோடு சேர்ந்தது. அப்போது நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையின் ஒரு பகுதி தானாகவே பற்றிக்கொள்ளுதல்), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பாதை) கசிவு, இன்ஜினைத் தாங்கும் மவுண்ட், கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் இணைக்கும் உள்பக்க சிவி ஜாயின்ட் ஆகியவைதான் சந்தேகத்துக்குரியவை. இவற்றில் மவுண்ட் கெட்டிருந்தால் கிளட்சை விடும்போது ‘டொம்’ என்று ஒரே அடியாகக் கேட்கும்; உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருந்தால் சத்தத்தைவிட உடல் அதிர்வுதான் அதிகம் தெரியும். உங்கள் விவரிப்பு இவை இரண்டுக்கும் பொருந்தவில்லை.

என் கணிப்பு நாக்கிங். ஆனாலும் உறுதிசெய்ய இவற்றைச் செய்து பாருங்கள். சமதளச் சாலையில், பின்னால் வண்டி எதுவும் வராதபோது, நான்காம் கியரில் 1,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சிகள்) அளவில் செல்லும்போது ஆக்சிலேட்டரை முழுவதுமாக மிதியுங்கள். பிறகு அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கி அவ்வாறே மிதியுங்கள். நான்காம் கியரில் வந்து இரண்டாம் கியரில் வராவிட்டால் என் சந்தேகம் வலுப்படும். அடுத்து, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, முதல் சில நிமிடங்கள் உற்றுக் கேளுங்கள். அந்த நேரத்தில் மட்டும் வேறு ஏதேனும் ஓசை வருகிறதா என்பதையும் எழுதுங்கள். ஆயில் அளவைக் குச்சியில் பார்த்துவிடுங்கள்.

ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மெல்லிய, உலோகத்தன்மை கொண்ட கலகலப்பு என்றால், குறைந்த கியரில், அதிகம் மிதிக்காமல், சில நாட்கள் ஓட்டலாம். அதுவே ஆழ்ந்த ‘டொக் டொக்’ என்ற அடியாக, இன்ஜினின் கீழ்ப்பகுதியிலிருந்து வந்தால், அது கனெக்டிங் ராட் பேரிங்காக இருக்கக்கூடும். ஆயில் விளக்கும் சேர்ந்து மினுக்கினால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியை ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

பதில்: நெடுஞ்சாலைப் பயணி

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு மேலேயுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றித் துரு அரித்துவிட்டால், தகடு தளர்ந்து, குறிப்பிட்ட ஒரு சுழற்சியில் மட்டும் சலசலக்கும். கேட்பவர்கள் அதை இன்ஜினின் உள்ளே என்று எண்ணிவிடுவார்கள். வண்டி நன்றாக ஆறிய பிறகு கையால் தட்டினாலே தெரிந்துவிடும். பெரிய அளவு ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும். நாக்கிங் என்று முடிவுசெய்வதற்கு முன், ஐந்து நிமிடத்தில் விலக்கிவிடக்கூடிய காரணம் இது.

அடிவாரத்தான்

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். தகடு இறுக்கமாக இருக்கிறது; தட்டினால் ஆடவில்லை. ஆயில் அளவு சரியாக உள்ளது. நியூட்ரலில் 4,000 ஆர்பிஎம் வரை முடுக்கியும் சத்தம் வரவில்லை. நான்காம் கியரில் முழுவதும் மிதித்தபோது தெளிவாகக் கேட்டது. இரண்டாம் கியரில் சுத்தமாக இல்லை.

காலையில் கவனித்தபோது, இதுவரை நான் அறியாத ஒன்று தெரியவந்தது. ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜினின் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து ‘சிக் சிக்’ என்று சீராக ஓர் ஓசை வருகிறது. இன்ஜின் சூடேறியதும் மறைந்துவிடுகிறது. கலகலப்பும் இதுவும் ஒரே கோளாறின் இரண்டு வெளிப்பாடுகளா, அல்லது தனித்தனியானவையா?

பதில்: உந்துவிசை

நான் வாகன இன்ஜின் பரிசோதனைத் துறையில் பணியாற்றுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது சரியான கேள்வி. இரண்டும் வெவ்வேறு இடங்களில் பிறக்கும் சத்தங்கள். அவற்றைத் தனித்தனியே ஆராய வேண்டும்.

முதலில் கலகலப்பு. பிளக்கில் தோன்றும் தீப்பொறியிலிருந்து சுடர் பரவி, சிலிண்டரின் மறுமுனை வரை ஒழுங்காக எரிந்து செல்ல வேண்டும். ஆனால் சுடர் அங்கே சென்று சேர்வதற்கு முன்பே, மூலையில் எஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் சுவர்களில் மோதி அதிர்கின்றன. உங்கள் இன்ஜினைப் போன்ற அளவுள்ள சிலிண்டர்களில் அந்த அதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 6,000 முதல் 8,000 வரை இருக்கும். அதையே நீங்கள் கேட்கிறீர்கள். உயர்ந்த கியரில் குறைந்த சுழற்சியில் முழுவதும் மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்று நிரம்புகிறது. மூலையிலுள்ள கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ளப் போதிய நேரமும் கிடைக்கிறது. இரண்டாம் கியரில் இன்ஜின் வேகமாகச் சுழல்வதால் அந்த நேரம் கிடைப்பதில்லை.

மேலே ஏற ஏறச் சத்தம் மெலிவதற்கும் இதுவே காரணம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு வளைவைத் தாண்டும்போதும் சிலிண்டருக்குள் நுழையும் காற்று குறைந்துகொண்டே போவதாலும், வெளிக்காற்றே குளிர்வதாலும், நாக்கிங் அடங்குகிறது. தேய்ந்த பேரிங்கோ தளர்ந்த தகடோ உயரத்தை இவ்வாறு பொருட்படுத்தாது. நீங்கள் புரியாத புதிராகக் குறிப்பிட்ட அந்த விவரம்தான் இந்த இழையில் எழுதப்பட்டவற்றுள் மிகவும் பயனுள்ளது.

ஆனால் கேள்வி இத்துடன் முடியவில்லை. உங்கள் வண்டியில் நாக் சென்சார் இருந்தால், இந்தச் சத்தம் இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்கவே கூடாது. சிலிண்டர் பிளாக்கின் அதிர்வை அந்தச் சென்சாருக்குள் இருக்கும் பீசோ வில்லை மின்குறியாக மாற்றுகிறது. அதைக் கண்ட இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) உடனே தீப்பொறி நேரத்தைச் சில பாகைகள் பின்தள்ளி நாக்கிங்கை அடக்கிவிடும். அது நடக்கவில்லை என்றால், பின்தள்ளும் எல்லையையும் மீறிய அளவுக்கு நாக்கிங் கடுமையாக இருக்க வேண்டும். அல்லது சென்சாருக்குக் காது கேட்காமல் இருக்க வேண்டும். கம்பி அறுந்திருந்தால் இசியூ கண்டுபிடித்து விளக்கை எரியவிடும். சென்சாரின் போல்ட் தளர்ந்திருந்தாலோ, அதன் அடியில் அழுக்கோ துருவோ படிந்திருந்தாலோ, மின்சுற்று முழுமையாகவே இருப்பதால் எந்தப் பிழைக் குறியீடும் பதிவாகாமல் போகலாம். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே ஓபிடி ஸ்கேனர் (இசியூவின் தகவல்களைப் படிக்கும் கருவி) வைத்திருக்கும் ஒருவரை அருகில் உட்காரவைத்து, சத்தம் வரும் நொடியில் தீப்பொறி நேரம் பின்னுக்குப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட் வெப்பநிலை, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, நீண்டகால எரிபொருள் திருத்தம் (பெட்ரோலை இசியூ எவ்வளவு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற விழுக்காடு) ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தம் 10 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் அதையும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, காலை நேரத்து ‘சிக் சிக்’. குளிரில் வந்து சூட்டில் மறைவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்) கேஸ்கெட் கசிவின் அடையாளம். உலோகம் விரிந்து இடைவெளியை மூடிவிடுவதால் ஓசை நின்றுவிடுகிறது. அந்த இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருக்கிறதா பாருங்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் அந்தக் கசிவு இருந்தால், ஒவ்வொரு அழுத்தத் துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. அதைச் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று தவறாகப் படிக்க, இசியூ தேவையில்லாமல் கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். கூடுதல் பெட்ரோல் அந்தக் கணத்தில் நாக்கிங்கைத் தூண்டாது. ஆனால் நாளடைவில் பிஸ்டன் தலையிலும் எரியறையிலும் கரி படியும். கரி படிந்தால் அழுத்த விகிதம் கூடும், வெப்பமும் தேங்கும். அதன் பிறகுதான் நாக்கிங் எளிதாகும். உங்கள் இரண்டு சத்தங்களுக்கும் தொடர்பு இருந்தால் அது இந்த வழியாகத்தான் இருக்கும்.

பதில்: பீளமேடு பட்டறை

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, உதவிக்கு ஒருவரை வைத்து, தடித்த துணியை மடித்து சைலன்சர் வாயில் சில நொடிகள் மட்டும் பிடிக்கச் செய்யுங்கள். கசிவுள்ள இடத்தில் ஓசை உடனே பெரிதாகும். திறந்த வெளியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மேனிஃபோல்டிலிருந்து கசியும் புகை ஏர் வென்ட் வழியாக வண்டிக்குள்ளும் வரக்கூடும் என்பதால், குடும்பத்தோடு பயணம் செய்யும் வண்டியில் இந்தக் கசிவை அலட்சியம் செய்யவே கூடாது.

திருத்தம் கூடுதலாகக் காட்டினால், இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கத்து வேக்குவம் ஹோஸ்களையும் பார்த்துவிடுங்கள். அங்கே வெடிப்பு இருந்தாலும் ஸ்கேனரில் அதே எண்தான் தெரியும். வேறுபாட்டை பிளக் சொல்லிவிடும். வேக்குவம் கசிவில் இசியூ கூட்டும் பெட்ரோல் உண்மையாகவே தேவைப்படுவதால் பிளக் இயல்பான நிறத்தில் இருக்கும். எக்ஸாஸ்ட் கசிவில் அது தேவையற்ற பெட்ரோல் என்பதால் பிளக் கறுத்துப் போகும். பிளக்கைக் கழற்றும்போது அதன் வெப்ப எண்ணையும் (பிளக் வெப்பத்தை எவ்வளவு விரைவாக வெளியேற்றும் என்பதைக் குறிப்பது) சரிபாருங்கள். என்ஜிகே பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த வகை. பாஷ் பிளக்குகளில் எண் கூடினால் சூடான வகை. ஒரு நிறுவனத்தின் பிளக்கை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போடும்போது, எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்களுக்குத் தவறான வகை கிடைத்துவிடுகிறது.

பதில்: கணபதி நகர்

பெட்ரோலைப் பற்றி யாரும் பேசவில்லையே? உயர்வகைப் பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் குறிக்கும் எண்) சாதாரண பெட்ரோலைவிடக் கூடுதல் என்கிறார்கள். உயர்வகையை நிரப்பினால் சத்தம் நின்றுவிடும் என்று நினைக்கிறேன். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகுதான் இந்தச் சிக்கல்கள் எல்லாம் தொடங்கின என்றும் பலர் கூறுகிறார்கள்.

பதில்: உந்துவிசை

டேங்க் ஏறத்தாழக் காலியாக இருக்கும்போது ஆக்டேன் கூடிய உயர்வகைப் பெட்ரோலை நிரப்பி அதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. சத்தம் குறைந்தால் அது நாக்கிங்தான் என்பது உறுதியாகும். ஆனால் அதைத் தீர்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்ட இன்ஜின் உயர்வகையில் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது என்றால், இன்ஜினில் ஏதோ மாறியிருக்கிறது. விலை கூடிய பெட்ரோல் அந்த மாற்றத்தை மறைக்கும், சரிசெய்யாது.

எத்தனாலைப் பொறுத்தவரை, நாக்கிங் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அதன் மீது பழி சுமத்த முடியாது. எத்தனாலின் ஆக்டேன் மதிப்பு பெட்ரோலைவிட உயர்ந்தது. ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஒரு காலத்தில் நாக்கிங்கை அடக்குவதற்காகத்தான் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. 1921-இல் கண்டறியப்பட்ட அந்த வழக்கம், மனிதர்களின் உடல்நலத்துக்குப் பெருங்கேடு விளைவித்து, இந்தியா முழுவதும் 2000-ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்தது. எத்தனால் கலப்பால் பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களுக்கும் மைலேஜுக்கும் ஏற்படும் பாதிப்பு தனியாகப் பேச வேண்டிய பொருள்.

உண்மையில் ஆக்டேனைக் குலைப்பது மண்ணெண்ணெய் போன்ற கலப்படம். ஐயம் இருந்தால் பங்க்கில் ஃபில்டர் தாள் சோதனையைக் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் அவர்கள் செய்து காட்ட வேண்டும். நல்ல பெட்ரோலின் துளி சில நிமிடங்களில் கறை விடாமல் ஆவியாகிவிடும்.

அடிவாரத்தான்

விவரங்களை எழுதச் சற்றுத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வேறொரு பட்டறையில் ஸ்கேனர் இணைத்து, மலையடிவாரத்து ஏற்றத்திலேயே ஓட்டிப் பார்த்தோம். சத்தம் தெளிவாகக் கேட்ட நேரத்திலும் தீப்பொறி நேரம் துளியும் பின்னுக்குப் போகவில்லை. கூலன்ட் 92 பாகையில் சீராக இருந்தது. நீண்டகாலத் திருத்தம் 14 விழுக்காடு கூடுதலாகக் காட்டியது. வேக்குவம் ஹோஸ்களில் குறை இல்லை. சமீபத்தில் போட்ட பிளக்குகளின் வெப்ப எண் சரியானதே. ஆனால் நான்கும் அதற்குள் கறுத்திருந்தன.

வண்டியைத் தூக்கி, இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் பார்த்தபோது நாக் சென்சாரின் போல்ட் கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதற்கும் பிளாக்குக்கும் இடையில் யாரோ ஒரு வாஷரையும் போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் வைத்திருந்தவரின் காலத்தில் அந்தப் பக்கம் ஏதோ வேலை நடந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் கடைசி ஸ்டட் (நட்டு மாட்டும் தலையில்லா போல்ட்) முறிந்திருந்தது. அதைச் சுற்றிக் கரிக்கோடும் இருந்தது.

வாஷரை அகற்றி, இரு பரப்புகளையும் துடைத்து, சென்சாரை 20 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரென்ச்சால் இறுக்கினார்கள். முறிந்த ஸ்டட்டைத் துருநீக்கித் திரவத்தில் ஓர் இரவு ஊறவைத்துக் கழற்றி, புதிய கேஸ்கெட்டும் புதிய நட்டுகளும் போட்டிருக்கிறார்கள். காலை ஓசை முற்றிலும் நின்றுவிட்டது. திருத்தம் 3 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. மலையில் கலகலப்பு இப்போது மிதித்த கணத்தில் ஒரு நொடி தோன்றி, பிறகு அடங்கிவிடுகிறது. அந்த எச்சத்தை என்ன செய்வது? கரி நீக்கும் இயந்திரச் சிகிச்சை ஒன்றைப் பட்டறையில் பரிந்துரைக்கிறார்கள்.

பதில்: பீளமேடு பட்டறை

மிக்க மகிழ்ச்சி ஐயா. அந்த ஒரு நொடி என்பது, சென்சார் கேட்டு இசியூ செயல்பட எடுத்துக்கொள்ளும் நேரம். படிந்திருக்கும் கரி இன்னும் அங்கே இருக்கிறது என்பதையும் அது காட்டுகிறது. இயந்திரச் சிகிச்சைக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். கூடுதல் பெட்ரோல் நின்றுவிட்டதால் புதிய கரி படிவது குறைந்துவிட்டது. தயாரிப்பாளர் அனுமதிக்கும் பெட்ரோல் சிஸ்டம் கிளீனர் ஒன்றை அடுத்த டேங்கில் சேர்த்து, நெடுஞ்சாலையில் இன்ஜின் நன்கு சூடேறிய பிறகு, நான்காம் கியரில் 3,000 ஆர்பிஎம்மை ஒட்டி அரைமணி நேரம் ஓட்டுங்கள். இரண்டு மூன்று டேங்குகளுக்குப் பிறகும் குறையவில்லை என்றால், பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பிஸ்டன் தலையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அதுவரை அடிவாரத்து வளைவுகளில் மூன்றாம் கியரில் இழுக்காமல் இரண்டாம் கியரிலேயே ஏறுங்கள். புதிய கேஸ்கெட் சில முறை சூடேறி ஆறிய பிறகு சற்றே அமுங்கும். ஆகவே அடுத்த வாரம் இன்ஜின் முழுதும் குளிர்ந்திருக்கும்போது மேனிஃபோல்ட் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் ஓரத்தை நோக்கி, குறிப்பிட்ட டார்க் அளவில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்டட் முறிந்த அந்தக் கடைசி இடத்தில் மேனிஃபோல்டின் முகப்பு வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வளைந்திருந்தால் அதைச் சமன் செய்யாமல் போட்ட கேஸ்கெட் மீண்டும் அதே இடத்தில் கசியும்.